திருத்தத்தில் கையொப்பம் இருந்தும் காசோலை திரும்பியது ஏன்? தாள் ஈரோட்டிலேயே இருக்கும்போது சேலத்து வங்கி எதைப் பார்த்தது?

ஈரோட்டு ஜவுளிக்காரன் கேட்டது:

வணக்கம். ஈரோட்டில் மொத்த விலைத் துணிக்கடை வைத்திருக்கிறேன். சேலத்து வாடிக்கையாளர் ஒருவர் சென்ற வாரம் 1,84,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். கடைப் பெயரை எழுதும்போது ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘ஸ்டோர்ஸ்’ என்று எழுதிவிட்டு, அதை அடித்து, சரியான பெயரை மேலே எழுதி, பக்கத்திலேயே முழுக் கையொப்பமும் இட்டிருந்தார். என் தந்தையார் காலத்தில் இப்படித் திருத்திய காசோலைகள் எத்தனையோ எங்கள் கணக்கில் வரவாகியிருக்கின்றன என்பதால், நானும் தயங்காமல் ஈரோட்டுக் கிளையில் காலையில் செலுத்தினேன். அவருடைய கணக்கில் போதிய பணம் இருந்தும், திருத்தம் இருப்பதைக் காரணமாகக் காட்டி அன்று மாலையே திருப்பிவிட்டார்கள்.

கிளையில் விசாரித்தபோது, காசோலை இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகவே இல்லை, அதன் படம்தான் போயிற்று என்றார்கள். அப்படியானால் சேலத்து வங்கி வெறும் படத்தைப் பார்த்தா கையொப்பத்தைச் சரிபார்க்கிறது? திருத்தத்துக்குக் கையொப்பமிட்டால் செல்லும் என்ற பழைய விதி எப்போது மாறியது? நாளைக்கு நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், மூலத்தாள் யாரிடம் இருக்கும்?

பழைய கிளியரிங் ஆள் எழுதியது:

ஐயா, கிளியரிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தவறு உங்களுடையது அன்று. கவுன்டரில் அந்தக் காசோலையை வாங்கியவர் திருத்தத்தைப் பார்த்த உடனேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முன்பெல்லாம் காசோலைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளை மாற்றிக்கொண்டு கணக்குத் தீர்க்கும் இடமான தீர்வகத்துக்கு அனுப்புவோம். அங்கே, 1980களில் வந்த எந்திரங்கள் காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிட்ட எண்களைப் படித்து, வங்கி வாரியாகவும் கிளை வாரியாகவும் பிரித்துக் கொடுக்கும். வெளியூர்க் காசோலை என்றால் தபாலிலோ கூரியரிலோ அந்தந்தக் கிளைக்கே போய்ச் சேர வேண்டும். பணம் வர இரண்டு வாரம் ஆவது சாதாரணம். ரிசர்வ் வங்கி, தாளை வழியிலேயே நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பும் முறையை 2008 பிப்ரவரி 1 அன்று தில்லி வட்டாரத்தில் தொடங்கியது. சென்னைக்கு அது 2011 செப்டம்பர் 24 அன்றும், மும்பைக்கு 2013 ஏப்ரல் 27 அன்றும் வந்தது. ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘சி.டி.எஸ்.’ எனப்படும் இதைத் தமிழில் ‘காசோலைத் துண்டிப்பு’ என்று எழுதுகிறார்கள். முதன்முதலாகக் கேட்கிறவர்கள் காசோலையைக் கிழித்துப் போடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். துண்டிக்கப்படுவது காசோலை அன்று, அதன் பயணம்.

இப்போது நடப்பது இதுதான். நீங்கள் செலுத்திய காசோலையை உங்கள் வங்கி ஸ்கேன் செய்யும்போது மூன்று படங்கள் உண்டாகின்றன. முன்பக்கம் சாம்பல் நிறச் சாயல்களோடு ஒன்று, முன்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று, பின்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒன்று. அடிப்பட்டையில் உள்ள ஆறு இலக்கக் காசோலை எண்ணையும், ஊர், வங்கி, கிளை ஆகியவற்றுக்கு மும்மூன்று இலக்கங்களாக அமைந்த ஒன்பது இலக்க எண்ணையும் எந்திரம் படித்துக்கொள்கிறது. (சென்னைக்குரிய 600 அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களோடு ஒத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.) பிறகு உங்கள் வங்கி இந்தப் படங்களிலும் விவரங்களிலும் மின்னணுக் கையொப்பமிட்டு, இடையில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி மறையாக்கம் செய்து தீர்வகத்துக்கு அனுப்புகிறது. தீர்வகம் அவற்றைப் பிரித்து உரிய வங்கிக்குக் கொடுக்க, அங்கே உட்கார்ந்திருப்பவர் திரையில் ஒரு பக்கம் காசோலைப் படத்தையும் மறுபக்கம் வாடிக்கையாளரின் மாதிரிக் கையொப்பத்தையும் வைத்து ஒப்பிடுகிறார். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில், ஆம், படத்தைப் பார்த்துத்தான்.

இதில்தான் உங்கள் சிக்கலும் இருக்கிறது. தாள் கையில் இருந்தால் விரலால் தடவிப் பார்க்கலாம், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கலாம், பழைய எழுத்தைச் சுரண்டியிருக்கிறார்களா, மருந்து வைத்து அழித்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கலாம். படத்தில் இவற்றில் எதுவும் முடியாது. அதனால் ரிசர்வ் வங்கி 2010இல் புதிய காசோலைத் தரத்தை வகுத்தபோது, தேதியைச் செல்லுபடியாக்கும் திருத்தம் ஒன்றைத் தவிர, பெயர், எண்ணால் எழுதிய தொகை, எழுத்தால் எழுதிய தொகை ஆகிய எதிலும் திருத்தம் கூடாது, புதிய தாளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. பக்கத்தில் எத்தனை கையொப்பம் இட்டாலும் பயனில்லை. அந்தத் தடை படவழிக் கிளியரிங்கில் போகும் காசோலைகளுக்கு மட்டுமே என்றுதான் அப்போது வைத்தார்கள். ஆனால் இன்று எல்லாமே அந்த வழியில்தான் போகின்றன என்பதால், நடைமுறையில் திருத்திய காசோலை செல்லாத காசோலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தாளைப் பார்க்கும் பொறுப்பு இப்போது பணம் கொடுக்கும் வங்கியிடமிருந்து வசூலிக்கும் வங்கிக்கு, அதாவது உங்கள் ஈரோட்டுக் கிளைக்கு, மாறியிருக்கிறது. ‘சி.டி.எஸ். இந்தியா’ என்ற நீரெழுத்து தாளில் இருக்கிறதா, கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட வங்கிச் சின்னம் புறஊதா விளக்கில் ஒளிர்கிறதா என்றெல்லாம் அவர்கள்தான் பார்த்தாக வேண்டும். ஏறத்தாழ இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட காசோலைகளைப் புறஊதா விளக்கில் காட்டவும், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவற்றைப் பல நிலைகளில் சரிபார்க்கவும் ரிசர்வ் வங்கி 2014இல் அறிவுறுத்தியது. சில கிளைகளில் அந்த விளக்கு மேசை டிராயரிலேயே தூங்குகிறது என்பதையும் மனம் கேளாமல் சொல்லிவைக்கிறேன்.

வழக்காடு மன்றம் எழுதியது:

மேலே சொன்னவற்றுக்குச் சட்டப் பின்னணியைச் சேர்க்கிறேன். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை 2002இல் திருத்தியபோது, பயணம் துண்டிக்கப்பட்ட காசோலையும் மின்னணு வடிவக் காசோலையும் ‘காசோலை’ என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும்படி 6ஆம் பிரிவை மாற்றினார்கள். படத்தில் நியாயமான ஐயம் எழுந்தால் தாளையே காட்டும்படி பணம் கொடுக்கும் வங்கி கேட்கலாம் என்பதற்கு 64ஆம் பிரிவில் இடம் உண்டு. சேலத்து வங்கி அப்படிக் கேட்காமல் திருப்பியதில் பிழை சொல்ல முடியாது. திருத்தம் படத்திலேயே தெரிந்துவிட்டது.

தாள் யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்கு, காசோலை பணமானதா திரும்பியதா என்பதைப் பொறுத்தே விடை. பணமாகிவிட்டால் வசூலித்த வங்கியே அதைப் பத்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும். பணம் கொடுத்த வங்கி சான்றளித்துத் தரும் படத்தின் அச்சுநகல், பணம் கொடுக்கப்பட்டது என்பதற்கு முதல்நிலைச் சான்றாகும். திரும்பிவிட்டால் மூலத்தாளையும் காரணச் சீட்டையும் உங்களிடமே கொடுத்துவிடுவார்கள். வங்கி முத்திரையுள்ள அந்தச் சீட்டை 146ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சான்றாக ஏற்கும்.

ஆனால் அவசரப்பட்டு அறிவிப்பு அனுப்பிவிடாதீர்கள். 138ஆம் பிரிவு, கணக்கில் பணம் போதாமல் திரும்பும் காசோலைகளுக்காக எழுந்தது. உங்கள் வாடிக்கையாளரின் கணக்கில் பணம் இருந்திருக்கிறது. திரும்பிய காரணம் திருத்தம். இதை வைத்து அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கடினம், நல்ல வாடிக்கையாளரையும் இழப்பீர்கள். புதிய காசோலை கேட்டு வாங்குவதே வழி.

ஈரோட்டு ஜவுளிக்காரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அவரிடம் தொலைபேசியில் பேசினேன்; வருத்தப்பட்டு, வேறு காசோலை அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் ஓர் ஐயம். காலையில் போட்டது மாலைக்குள் எப்படித் திரும்பியது? முன்பு ஒருநாளாவது ஆகுமே?

யாழ்ப்பாணத்தவர் எழுதியது:

இடையில் ஒரு சிறு குறிப்பு. இலங்கையில் இந்த முறை 2006 மே மாதத்திலேயே நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது. தெற்காசியாவில் அதுவே முதலாவது. 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் காசோலைப் படத்துக்குச் சட்டத் தகுதியை முன்கூட்டியே தந்திருந்தது. அடித்துத் திருத்திய காசோலையை எங்கள் கடைக்காரர்களும் வாங்கத் தயங்குகிறார்கள்.

பழைய கிளியரிங் ஆள் எழுதியது:

2025 அக்டோபர் 4 முதல் முறை மாறிவிட்டது. அதுவரை காசோலைகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து அனுப்பினார்கள். இப்போது காலை தொடங்கிப் பிற்பகல் வரை, ஸ்கேன் செய்யச் செய்ய ஒவ்வொன்றாகப் படங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. பணம் கொடுக்கும் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். வாய் திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதிக் கணக்குத் தீர்க்கப்படும். எனவே அங்கே இருப்பவர் சிறு ஐயம் தோன்றினாலும் திருப்பிவிடவே நினைப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

புதிய காசோலை வாங்கும்போது அவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். தொகை 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பதால், காசோலை எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றைத் தம் வங்கியிடம் முன்கூட்டியே பதிவு செய்துவைக்கும் வசதி அவருக்கு 2021 ஜனவரி 1 முதல் உண்டு. பதிவுக்கும் படத்துக்கும் வேறுபாடு இல்லையென்றால் காசோலை தடையின்றிப் போகும். எழுத்து கறுப்பு அல்லது அடர்நீல மையில் இருக்கட்டும். கடை முத்திரையைக் கையொப்பத்தின் மீதோ தொகையின் மீதோ குத்த வேண்டாம். தாளில் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தாலும், கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே கறையாகிவிடும்.