கை தட்டினா திரும்புதா? அதுக்குப் பேர் காது பரிசோதனை இல்லை

வைகைக்கரை:
பச்சிளங்குழந்தை பற்றிய உரையாடல் திரியில் தென்றல்நாடன் எழுதியிருப்பது: "பின்னால நின்னு கை தட்டுங்க, எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்க. குழந்தை திரும்பினா காது நல்லா இருக்கு. பெரா டெஸ்டுன்னு அலையாதீங்க."

பெரா என்பது சத்தத்துக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலையைப் பதிவு செய்யும் பரிசோதனை. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. தட்டு விழுந்தால் தரை அதிரும். கை தட்டினால் பிடரியில் காற்றுப் படும், சுவரில் நிழல் ஆடும், மடியில் வைத்திருக்கும் அம்மாவின் உடம்பு லேசாக விறைக்கும். குழந்தை எதற்குத் திரும்பியது? கைதட்டல் மிகச் சத்தமானது. 50, 60 டெசிபெல் அளவுக்குச் செவித்திறன் குறைந்த குழந்தையும் அதற்குத் திரும்பும். அதே குழந்தைக்கு அம்மா சாதாரணமாகப் பேசுவது பாதிகூட விழாது.

தென்றல்நாடன்:
முழுசாப் படிச்சீங்களா? கை தட்டுவது முதல் சல்லடைன்னுதான் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரா மெஷின் இருக்கா? மெஷின் இல்லாத ஊரில் அம்மா என்ன செய்வாள்? ஓஏஇ (உள்காது திருப்பி அனுப்புகிற மெல்லிய ஒலியைப் பார்க்கிற டெஸ்ட்) எடுத்து "ரெஃபர்", அதாவது மறுபடி பார்க்கணும்னு சீட்டு எழுதிக் கொடுத்ததும் மூணு நாள் சோறு தண்ணி இல்லாமல் அழுகிற குடும்பங்கள் உண்டு. அதில் பல குழந்தைக்குக் காதில் பிறக்கும்போது ஒட்டியிருக்கிற மாவு அழுக்குதான் அடைச்சிருக்கும்.

வைகைக்கரை:
"முதல் சல்லடை" என்ற சொல் உங்கள் பதிவில் இல்லை. "அலையாதீங்க" இருக்கிறது.

மாவு அழுக்கு சரி. அதனால்தான் பிறந்து ஒரு நாள் கழித்து, பால் குடித்துத் தூங்கும்போது எடுக்க வேண்டும். ரெஃபர் வந்தால் சில வாரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். ரெஃபர் என்றால் செவிடு என்று பொருள் இல்லை. அதை அம்மாவிடம் நிதானமாகச் சொல்வது பரிசோதகரின் கடமை. அவர் சொல்லத் தவறினால் பரிசோதனையையே விட்டுவிடுவதா?

கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் பெரா வைத்து உறுதி, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும். உங்கள் கைதட்டலுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் நல்ல காதுள்ள குழந்தையே சத்தம் வந்த பக்கம் ஒழுங்காகத் தலையைத் திருப்பாது.

கோமதி:
இன்னொன்று சேருங்கள். ஓஏஇ பாஸ் ஆனாலும் சில குழந்தைகளுக்கு பெரா அவசியம். மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றியவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் அஞ்சு நாளுக்கு மேல் இருந்தவர்கள். ஓஏஇ உள்காதின் மயிர்ச் செல்களைத்தான் பார்க்கும். அங்கே சரியாக இருந்து நரம்பில் கோளாறு என்றால் பாஸ் காட்டிவிடும். பெற்றோர் அந்தச் சீட்டை பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் காத்திருப்பார்கள்.

தென்றல்நாடன்:
ஆக மெஷினும் பொய் சொல்லும்! கிளிக் சத்தம் வைத்து எடுக்கும் பெராவும் மேல் அலைவரிசையைத்தானே பெரும்பாலும் பார்க்குது? கீழ் அலைவரிசையில் எவ்வளவு கேட்குதுன்னு அது சொல்லாதே. உங்க மெஷினுக்கு மன்னிப்பு, ஏழை அம்மாவின் கைக்கு மட்டும் தூக்குத் தண்டனையா?

வைகைக்கரை:
அதனால்தான் கிளிக்கோடு நிறுத்தாமல் டோன் பர்ஸ்ட், ஏஎஸ்எஸ்ஆர் என்று ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியாகப் பார்க்கும் பரிசோதனைகளும் எடுக்கிறார்கள். ஒரு மெஷினின் குறையை இன்னொரு மெஷின் ஈடுகட்டும். கைதட்டலின் குறையை எது ஈடுகட்டும்?

வீட்டில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆறு ஒலிகள் இருக்கின்றன: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். கருவி போட்ட குழந்தைக்குத் தினம் காலையில் பார்ப்பது. அறையில் டிவி, ஃபேன் நிறுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, வாயை மறைத்து, கத்தாமல் சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இடைவெளியை மாற்றி மாற்றி விடுங்கள். இல்லையென்றால் குழந்தை நேரத்தைக் கணித்துத் திரும்பும். கீழ் அலைவரிசையில் உள்ள "ஊ"வுக்கும் "ம்"முக்கும் திரும்பி, மேல் அலைவரிசையில் உள்ள "ஸ்"ஸுக்குத் திரும்பாத குழந்தை எத்தனை! அவையெல்லாம் கைதட்டலுக்குத் திரும்புகிற குழந்தைகள்தான். ஆனால் இதுவும் பெராவுக்கு மாற்று இல்லை.

கல்வராயன்:
சொந்தத்தில் கட்டுவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். அதைப் பேச ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

கோமதி:
கல்வராயன் சார், குழந்தை பிறந்த பிறகு அந்த வீட்டில் போய் இதைச் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? மாமியார் மருமகளைத் திட்டுவார், மருமகள் அடுத்த தடவை மையத்துக்கு வரமாட்டாள். உறவில் கட்டினால் அபாயம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் காது கேளாமை தரும் கனெக்சின் 26 மரபணுக் கோளாறு சொந்தமே இல்லாத, நன்றாகக் கேட்கும் பெற்றோரின் குழந்தைக்கும் வரும்.

கல்வராயன்:
உண்மையைச் சொன்னால் குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்கிறீர்கள். நல்லது.

தென்றல்நாடன்:
எல்லாரும் கருவி, அறுவை சிகிச்சைன்னே பேசறீங்க. சைகை மொழி சொல்லிக் கொடுத்தால் குறைஞ்சு போகுமா?

வைகைக்கரை:
சைகை மொழி மொழிதான். அதையும் சீக்கிரம் தொடங்க வேண்டும். எதுவும் இல்லாமல் மூன்று வயது வரை விடுவதுதான் கொடுமை. அதற்கும் குறையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் அதைத்தான் கைதட்டி மூடுகிறீர்கள்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கருவி) பொருத்த ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கத்தான் ஆறு. மூளை அதுவரை காத்திருக்காது. மூன்றரை வயதைத் தாண்டப் பலன் குறையத் தொடங்கும். "ஆறு மாசத்துல ஊ ஊன்னு சத்தம் போட்டானே" என்று பெற்றோர் நம்பியிருப்பார்கள். செவித்திறன் இல்லாத குழந்தையும் முதல் மாதங்களில் அப்படிச் சத்தம் போடும். "பாபா, மாமா" என்று அசை சேர்கிற இடத்தில் நின்றுவிடும். பத்து, பதினொன்று மாதத்தில் அது வரவில்லையா, அன்றே ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) போங்கள்.

கோமதி:
கருவி வாங்கியதோடு முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். குழந்தையின் காது வளர வளர இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருவியைக் காதில் பொருத்தும் அச்சு மாற்ற வேண்டும். தளர்ந்தால் "கீ"யென்று விசில் அடிக்கும். வீட்டில் வால்யூமைக் குறைத்துவிடுவார்கள், அத்தோடு குழந்தைக்கு ஒன்றும் கேட்காது. பழி கருவிமேல். பேட்டரி மூடியில் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தென்றல்நாடன்:
அச்சுக்கும் கைதட்டலுக்கும் என்ன சம்பந்தம்? மாவட்ட ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் குறைகளைச் சீக்கிரமே பார்க்கிற டிஇஐசி மையத்துக்கு ரெண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுட்டு வருகிற அம்மா, கை தட்டிப் பார்த்து சந்தேகப்பட்டுத்தான் வர்றா. சந்தேகத்தைக் கிளப்புறதும் கைதட்டல்தான். இதுக்குப் பதில் சொல்லுங்க.

வைகைக்கரை:
திரும்பாவிட்டால் வருவாள். திரும்பினால்? பெரா அரசு மருத்துவமனையில் இலவசம். அவளுக்குப் போவது கூலியும் பஸ் காசும். அதை மிச்சப்படுத்துகிறேன் என்று குழந்தையின் இரண்டு வருடத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். "அலையாதீங்க" என்ற வரியை நீக்குங்கள்.

தென்றல்நாடன்:
நீக்க மாட்டேன். முதல் சல்லடை. முதல் சல்லடை. எத்தனை தடவை சொல்வது?

வைகைக்கரை:
அந்தச் சல்லடையின் ஓட்டை ஒவ்வொன்றும் 60 டெசிபெல் அகலம்.