பிரியஸ் வண்டியின் கன்வெர்ட்டரை அறுத்துச் சென்றுவிட்டார்கள்: காப்பீட்டில் கேட்பதா, கைக்காசில் மாற்றுவதா?

ஃப்ரீமாண்ட்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்களிடம் இருப்பது 2009ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ். ஏழு ஆண்டுகளுக்கு முன் பழைய வண்டியாக வாங்கியது, பெரிய செலவு எதுவும் வைக்காமல் இன்றுவரை ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மகளைப் பள்ளியில் விடுவதற்காக வண்டியை எடுத்தேன். பிரியஸ் முதலில் சத்தமே இல்லாமல்தான் புறப்படும், சில நொடிகள் கழித்தே பெட்ரோல் எஞ்சின் சேர்ந்துகொள்ளும் என்பது அதை ஓட்டுபவர்களுக்குத் தெரியும். அந்தச் சில நொடிகள் கழிந்ததும் வண்டியின் அடியிலிருந்து உழவு டிராக்டர் ஓடுவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. பின் இருக்கையில் இருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டாள். இறங்கிக் குனிந்து பார்த்தால், புகைக்குழாயின் நடுவில் முழ நீளத்துக்கு ஒன்றுமே இல்லை. அறுபட்ட இரண்டு முனைகளும் புதிதாகத் தேய்த்த வெள்ளிபோல் பளபளத்தன. சிமென்ட் தரையில் இரும்புத்தூள் கோடாகச் சிந்திக் கிடந்தது. ஆக்சிஜன் சென்சாரின் வயர் அறுந்து தொங்கியது. வினையூக்கி மாற்றி என்று பாடப்புத்தகத்தில் படித்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள்.

காவல்துறையில் இணையம் வழியாகப் புகார் பதிந்துவிட்டேன். டீலரிடம் கேட்டதில், அசல் உதிரிபாகமும் கூலியும் சேர்த்து 3,200 டாலர் ஆகும், பொருள் வந்துசேர ஆறு வாரம் பிடிக்கும் என்றார்கள். வேறொரு பட்டறையில், வெளிமாநிலத்திலிருந்து தருவித்து 450 டாலரில் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். வண்டியின் இன்றைய சந்தை மதிப்பு ஏறக்குறைய 6,000 டாலர். காப்பீட்டில், திருட்டு போன்ற விபத்தல்லாத இழப்புகளையும் ஏற்கும் காம்ப்ரஹென்சிவ் பிரிவையும் எடுத்திருக்கிறேன், முதல் 500 டாலர் என் பொறுப்பு. காப்பீட்டில் கேட்டால் வண்டியை ‘டோட்டல்’, அதாவது பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாதது என்று எழுதி எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என நண்பர் ஒருவர் பயமுறுத்துகிறார்.

காப்பீட்டில் கேட்கலாமா? 450 டாலர் கன்வெர்ட்டரைப் பொருத்தலாமா? மறுபடியும் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? என் மனைவி மருத்துவமனையில் இரவுப் பணிக்கு இந்த வண்டியில்தான் போய்வருகிறார், ஆகவே அதிக நாள் தள்ளிப்போட முடியாத நிலை. எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழேதான் வண்டி நிற்கிறது. அடுத்த முறை சத்தம் கேட்டால் இறங்கிப்போய் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆத்திரமும் இருக்கிறது.

சான்ஹோசே பட்டறை

வணக்கம். சான் ஹோசே பகுதியில் இருபது ஆண்டுகளாக வண்டி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் தவறினால் மீண்டும் முதலிலிருந்து செலவழிக்க நேரும். அந்த 450 டாலர் கன்வெர்ட்டரை எந்தக் காரணத்துக்காகவும் பொருத்த வேண்டாம்.

கலிபோர்னியாவில் விற்கவும் பொருத்தவும் மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி பெற்ற கன்வெர்ட்டராக இருக்க வேண்டும். அசல் நிறுவனத்தின் பாகம் இல்லாமல் வேறு தயாரிப்பு என்றால், வாரியம் கொடுத்த ஆணை எண் அதன் உறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அனுமதியும் குறிப்பிட்ட ஆண்டு, குறிப்பிட்ட மாடல், குறிப்பிட்ட எஞ்சினுக்கு மட்டுமே செல்லும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஸ்மாக் எனப்படும் புகைப் பரிசோதனையில் ஆய்வாளர் வண்டியின் அடியில் விளக்கடித்து அந்த எண்ணைத் தேடுவார். எண் இல்லையென்றால், புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வண்டி தேறாது, பதிவையும் புதுப்பிக்க முடியாது. உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பழைய கன்வெர்ட்டரை வாங்கிப் போடலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இந்த மாநிலத்தில் அதற்கும் சட்டம் இடம் தரவில்லை.

உங்கள் வண்டியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்வெர்ட்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடுபோல் நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி இருக்கும். அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய மூன்று உலோகங்களும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் எரித்து முடிப்பது முதலிரண்டின் வேலை, நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிப்பது ரோடியத்தின் வேலை. எல்லாம் சேர்த்து எடைபோட்டால் சில கிராம்தான் தேறும். ஆனால் 31 கிராம் கொண்ட ஓர் அவுன்ஸ் ரோடியம் 2021ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஏறக்குறைய 29,000 டாலருக்கு விற்றது. அப்போதைய தங்க விலையைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல். உலகின் ரோடியத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருவது. பலேடியத்தில் பெரும்பங்கு ரஷ்யாவுடையது என்பதால், 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய வேகத்தில், மார்ச்சில் அதன் விலையும் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியது. பின்னர் இரண்டும் வெகுவாக இறங்கினாலும், திருடக் கற்றுக்கொண்ட கைகள் சும்மா இருக்கவில்லை.

ஹைப்ரிட் வண்டியில் எஞ்சின் நின்று நின்று ஓடுவதால் கன்வெர்ட்டர் அடிக்கடி ஆறிப்போகும். குறைந்த சூட்டிலும் அது வேலை செய்ய வேண்டும் என்பதற்காக இரண்டாம் தலைமுறை பிரியஸில் உலோகத்தைத் தாராளமாகவே பூசியிருக்கிறார்கள்; எஞ்சின் ஓடும் நேரமும் குறைவு, ஆகவே பூச்சு அதிகம் தேய்வதில்லை. காலையில் சில நொடிகளில் எஞ்சின் தானாக எழுந்துகொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, கன்வெர்ட்டரைச் சூடாக்கத்தான் அது எழுகிறது.

இன்னொன்று. இந்த நிலையில் வண்டியை வேலைக்கு ஓட்டிச் செல்ல வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். சுத்திகரிக்கப்படாத புகை இருக்கைகளுக்கு நேர் கீழே வெளியேறுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

ஓக்லண்ட் தமிழன்

ஃப்ரீமாண்ட் நண்பருக்கு, 2021க்கும் 2023க்கும் இடையில் இருமுறை இதே இழப்பைச் சந்தித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஆத்திரம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் கடைசியாக எழுதியதைத் தயவுசெய்து மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 2024 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜானி வாக்டர் என்ற தொலைக்காட்சி நடிகர், பின்னிரவில் வேலை முடிந்து வண்டிக்கு வந்தபோது அதன் கன்வெர்ட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது முப்பத்தேழு. இவர்கள் தனியாக வருவதில்லை. ஒருவர் வண்டியடியில் இருந்தால் இன்னொருவர் காவலுக்கு நிற்பார். சத்தம் கேட்டால் அறைக்குள் இருந்தபடியே அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள், சன்னலைக்கூடத் திறக்க வேண்டாம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, கேட்பதுதான் சரி. வண்டியின் பாகம் களவுபோவது காம்ப்ரஹென்சிவ் பிரிவில் வரும். பிறருக்கு நேரும் சேதத்தை ஏற்கும் லயபிலிட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு டாலரும் கிடைக்காது. இது நீங்கள் தவறு செய்து நேர்ந்த விபத்தாகவும் கணக்கிடப்படாது. ‘டோட்டல்’ ஆக்கிவிடுவார்களோ என்ற பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவையும், இதே நிலையில் வண்டியை ஏலத்தில் விட்டால் கிடைக்கும் தொகையையும் கூட்டுங்கள். அது வண்டியின் சந்தை மதிப்பை மிஞ்சினால்தான் கலிபோர்னியாவில் டோட்டல். உங்கள் வண்டி ஏலத்தில் 1,500 டாலருக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், 3,200உடன் சேர்ந்து 4,700 ஆகிறது, 6,000க்குக் கீழே நிற்கிறது. காப்பீட்டாளர் மதிப்பைக் குறைத்துச் சொன்னால் ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள். உங்கள் ஊரில் விற்பனைக்கு உள்ள அதே ஆண்டு, அதே மைல் கணக்குள்ள வண்டிகளின் விளம்பரங்களையும், உங்கள் சர்வீஸ் ரசீதுகளையும் எடுத்துக் காட்டுங்கள். முதல் முறை எனக்கு 900 டாலர் இப்படித்தான் உயர்ந்தது. அப்படியும் டோட்டல் என்றால் வண்டியை நீங்களே வைத்துக்கொண்டு மீதித் தொகையைப் பெறலாம். ஆனால் உரிமைப் பத்திரத்தில் டோட்டல் ஆன வண்டி என்பதற்கான ‘சால்வேஜ்’ முத்திரை விழும், ஆய்வுக்குக் கொண்டுபோய் மறுபதிவு செய்யவேண்டும், பின்னால் விற்கும்போது விலையும் அடிபடும். பாலிசியில் வாடகை வண்டிக்கு இடம் இருக்கிறதா என்றும் இன்றே பாருங்கள். ஆறு வாரம் என்பது நெடுநாள்.

என் இரண்டாவது இழப்பு, புதிய கன்வெர்ட்டர் பொருத்திப் பதினோராம் நாள் நடந்தது. புதிய பாகத்தில் பூச்சு முழுமையாக இருக்கும், அது எங்கே நிற்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே பொருத்துகிற அன்றே அடியில் தகடும் போட்டுவிடுங்கள். பிரியஸுக்கென்றே அளவெடுத்துச் செய்த அலுமினியத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் கிடைக்கின்றன. நான் வாங்கியது 240 டாலர், கூலி 120. சாதாரண ஸ்பானருக்குக் கழலாத போல்ட்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். தகடு போட்டபின் ஒருநாள் டயர் மாற்ற வண்டியைத் தூக்கியபோது, தகட்டின் ஓரத்தில் ரம்பம் பாய்ந்த வடு விரல் நீளத்துக்கு இருந்தது. வந்திருக்கிறார்கள், நேரம் பிடிக்கிறது என்று விட்டுப் போயிருக்கிறார்கள்.

சாக்ரமென்டோவிலிருந்து

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தகடும் விளக்கும் கேமராவும் அவரவர் வண்டியைக் காப்பாற்றும். இந்தத் திருட்டு நடப்பதற்குக் காரணம், அறுத்த பொருளைக் கேள்வி கேட்காமல் வாங்க ஓர் ஆள் இருப்பதுதான். அமெரிக்கக் காப்பீட்டுக் குற்றத் தடுப்பு அமைப்பான என்ஐசிபி 2018இல் கணக்கிட்ட கன்வெர்ட்டர் திருட்டுகள் 1,298. 2020இல் அது 14,433 ஆனது. இடைப்பட்ட ஈராண்டில் ரம்பம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை; உலோக விலைதான் ஏறியது.

2022 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை ஐந்து மாநிலங்களில் 21 பேர்மீது நடவடிக்கை எடுத்தபோது அந்தச் சங்கிலி முழுவதும் வெளிப்பட்டது. எங்கள் சாக்ரமென்டோ நகரில் ஒரு வீட்டில் வாங்கிச் சேர்த்த கன்வெர்ட்டர்கள் நியூஜெர்சியில் உள்ள நிறுவனத்துக்குச் சென்றன. அங்கே உறையை வெட்டி, உள்ளிருந்த பீங்கானைத் தூளாக்கி, உருக்காலைக்கு விற்றார்கள். இந்த வழக்குகளில் அரசு பறிமுதல் செய்யக் கோரிய மொத்த மதிப்பு 54 கோடி டாலருக்கும் மேல். தூளாக்கிய பிறகு எது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கன்வெர்ட்டரின் உறையில் பொதுவாக ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான விஐஎன் எண் இருப்பதில்லை என்பதால், முழுசாகப் பிடிபட்டாலும் உரியவரைக் கண்டுபிடிப்பது அரிது.

இதைச் சரிசெய்யத்தான் கலிபோர்னியாவில் எஸ்பி 1087, ஏபி 1740 என்ற இரு சட்டங்கள் 2022 செப்டம்பரில் கையெழுத்தாகி 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தன. உரிமம் பெற்ற தொழில்முறையாளர்களிடமிருந்தோ, தன் வண்டியுடையதுதான் என்று ஆவணம் காட்டுபவரிடமிருந்தோ மட்டுமே பழைய கன்வெர்ட்டரை வாங்கலாம். எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற விவரத்தையும் வாங்குபவர் எழுதி வைக்க வேண்டும். நல்ல சட்டங்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அவை பயன்பட வேண்டுமானால் உறையின்மேல் ஓர் எண் இருந்தாக வேண்டும். புதிய கன்வெர்ட்டர் வந்ததும் விஐஎன் எண்ணைப் பொறித்து, மேலே சூடு தாங்கும் பளிச்சென்ற பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். பல நகரங்களில் காவல்துறையே இதற்கென்று நாள் வைத்து இலவசமாகச் செய்து தருகிறது.

மணிநகர் அகமதாபாத்

இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. குஜராத்தில் நாங்கள் இதைச் ‘சைலன்சர் திருட்டு’ என்போம், குறி வைக்கப்படுவது மாருதி ஈகோ வேன். அடியில் கை நுழைய இடம் தாராளமாக இருப்பதால், அறுக்காமல் போல்ட்டைக் கழற்றியே எடுத்துவிடுகிறார்கள். உள்ளே உள்ள தூளை இங்கே ‘மிட்டி’, அதாவது மண் என்று சொல்லி எடைபோட்டு விற்கிறார்கள். எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒருவருக்கு நடந்தது இன்னும் மோசம்: தூளை மட்டும் எடுத்துவிட்டு, வெற்றுச் சைலன்சரைத் திரும்ப மாட்டி வைத்துவிட்டார்கள். எஞ்சின் விளக்கு எரிந்து பட்டறைக்குப் போனபிறகுதான் அவருக்கே தெரிந்தது, எந்த இரவில் போனது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. ஆறு பிள்ளைகளின் பெற்றோரிடம் போய் ஒரு வாரம் வண்டி வராது என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஃப்ரீமாண்ட்வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டறை ஐயா சொன்னபடி வண்டியை அன்றே நிறுத்திவிட்டோம்; மனைவியை நானே வேறு வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். நேற்றுக் காப்பீட்டாளரிடம் பேசினேன். முதலில் 4,600 என்று மதிப்பிட்டார்கள். ஓக்லண்ட் நண்பர் சொன்னதுபோல் நான்கு விளம்பரங்களையும், 2022இல் ஹைப்ரிட் பேட்டரி மாற்றிய ரசீதையும் அனுப்பியதும் 5,900க்கு வந்தார்கள். பழுதுபார்க்க ஒப்புதல் கிடைத்துவிட்டது, வாடகை வண்டி முப்பது நாளைக்கு உண்டு. அசல் கன்வெர்ட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். தகடு வந்து வீட்டில் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் பொருத்த நேரம் கேட்டிருக்கிறேன்.

குடியிருப்பு நிர்வாகத்திடம் புகார் நகலைக் கொடுத்தபோது, இந்த ஆண்டில் எங்கள் வரிசையில் மட்டும் இது மூன்றாவது என்று தெரிந்தது. மற்ற இருவரிடமும் பேசி, வாகன நிறுத்தத்தில் எரியாமல் இருக்கும் இரண்டு விளக்குகளையும் மாற்றித் தரச் சொல்லி மூவருமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். உறையில் எண் பொறித்தபின் மேலே அடிக்க, சூட்டில் அழியாத அந்த பெயின்ட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சாக்ரமென்டோ நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.