ராத்திரி 2 மணிக்கு மட்டும் சிபியு எகிறுது, சிஸ்டம் முழுக்க ப்ரொஃபைல் பண்றது (எந்த கோடு சிபியுவ தின்னுதுன்னு பாக்குறது) எப்படி?

உபுண்டு 22.04 சர்வர் முப்பது இருக்கு, காலைல லாகின் பண்ணி டாப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி சும்மா உக்காந்திருக்கு. பெர்ஃப்ங்கிற லினக்ஸ் ப்ரொஃபைலிங் டூல ஓட்டினா பெர்மிஷன் இல்லங்குது. ப்ரொடக்‌ஷன்ல ஓட்டலாமா, படுத்துருமா?

பதில்: படுக்காது ப்ரோ. பெர்ஃப் ரெக்கார்டுக்கு மைனஸ் ஏ குடுத்தா எல்லா கோரையும் பாக்கும், மைனஸ் ஜி போட்டா ஸ்டாக்கும் (எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டுச்சுங்கிற வரிசை) வரும். 99 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 99 சாம்பிள்) வைங்க, 100 வேணாம், டைமர்ல ஓடுற வேலையோட தாளம் ஒண்ணாயிட்டா சாம்பிள் எப்பவும் ஒரே எடத்துல விழும். யாரு பெர்ஃப் ஓட்டலாம்னு சொல்ற பாரனாய்ட் செட்டிங்க மைனஸ் 1 ஆக்கி எல்லாருக்கும் தொறந்து விடாதீங்க, ரூட் சர்வீஸா சிஸ்டம்டி டைமர்ல 1.55க்கு கிளப்பி பத்து நிமிஷத்துல நிறுத்துங்க.

கேட்டவர்: ஓட்டிட்டேன். ஆனா ஃப்ளேம் கிராஃப்ல (ஸ்டாக்கெல்லாம் படமா காட்டுறது) பாதி அன்னோன்னு வருது?

இன்னொருத்தர்: ஃப்ரேம் பாயின்டர் (யார் யார கூப்பிட்டாங்கன்னு ஸ்டாக்ல பின்னாடி போக உதவுற குறி) இல்லாம கம்பைல் ஆனதுங்க அது. 24.04லதான் உபுண்டு பேக்கேஜுக்கு அத டிஃபால்ட்டா போட்டாங்க. உங்க கோடையாவது ஃப்ரேம் பாயின்டர விடாம மறுபடி பில்ட் பண்ணுங்க. டீபக் தகவல வச்சு ஸ்டாக்க கண்டுபிடிக்கிற ட்வார்ஃப் மோடும் இருக்கு, ஆனா சாம்பிளுக்கு 8 கேபி ஸ்டாக்க காப்பி அடிக்கும், நான் தெரியாம ராத்திரி பூரா ஓடவிட்டு டிஸ்க்ல /var பார்ட்டிஷன் ரொம்பி வழிஞ்சிருச்சு 😅

கேட்டவர்: கண்டுபிடிச்சாச்சு, லாக் சுருக்குற ஜிஜிப்!