தோர பொண்ணா மாத்தினது உங்களுக்கு ஓகேவா?

கேள்வி: 2014ல மார்வல் காமிக்ஸ்ல, மந்திர சுத்தியல் வச்சிருக்கிற இடி தெய்வ ஹீரோ தோரோட பழைய காதலி ஜேன் ஃபாஸ்டர் கையில அந்தச் சுத்தியலக் குடுத்து இனிமே இவங்கதான் தோர்னுட்டாங்க, புதுசா ஒரு கேரக்டர் யோசிக்காம ஏன்யா இருக்கிறவன் பேர எடுக்கணும்?

பதில் 1: ப்ரோ கதைய படிச்சீங்களா? பழைய தோர் தகுதி இழந்து சுத்தியலத் தூக்க முடியாம நிக்கிறான். ஜேனுக்கு கேன்சர், ஒவ்வொரு தடவ தோரா மாறும்போதும் உடம்புல ஏறின கீமோ மருந்து மொத்தமும் போயிடும், தெரிஞ்சேதான் தூக்குறாங்க. ஜேசன் ஆரன் எழுதினது, செம.

பதில் 2: மார்வலோட உளவுத்துறை தலைவர் கேரக்டர் நிக் ஃப்யூரி 1963ல வெள்ளைக்காரரு. 2002 அல்டிமேட்ஸ் காமிக்ஸ்ல கருப்பின நடிகர் சாமுவேல் ஜாக்சன் ஜாடையில வரைஞ்சாங்க, 2008 அயர்ன் மேன் படத்துல அவரே வந்துட்டாரு. இப்ப பழைய ஆள யாருக்கு ஞாபகம் இருக்கு?

பதில் 3: 2011ல புது ஸ்பைடர்மேனா மைல்ஸ் மொராலஸ் பண்ணாங்களே, பழைய ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் பேருல கை வைக்காம தனி ஆளு, தனி குடும்பம். என் ஓட்டு அதுக்குத்தான்.