மறு: கலைச்சொல் வேண்டும் – ‘ரவுண்ட் கேம்’

ரீஜென்சி கால (19ஆம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்து) காதல் நாவல்களில் வரும் ‘ரவுண்ட் கேம்’ என்ற சீட்டாட்ட வகைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பது கேள்வி. ‘வட்ட ஆட்டம்’ ஆகாது. ரவுண்ட் கேமில் சேராத விஸ்ட் என்ற சீட்டாட்டத்தை ஆடுகிறவர்களும் மேசையைச் சுற்றித்தான் உட்காருகிறார்கள். விஸ்ட்டுக்கு நாலே கை, ஆளுக்கு 13 சீட்டு, எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு. சீட்டுப் போடுகிறவரின் கடைசிச் சீட்டைத் திருப்பினால் அதன் இனமே துருப்பு, மற்ற இனங்களை வெல்லும். பிறகு வாய் திறக்கக் கூடாது. திறந்தால் கூட்டாளிக்குக் குறிப்புக் கொடுத்ததாகிவிடும். லூ, காமர்ஸ், ஸ்பெகுலேஷன் போன்ற ரவுண்ட் கேம்கள் வேறு: கூட்டு கிடையாது, ஐந்தாறு பேர் சேரலாம், பேசலாம். ‘ஒரு கை குறையுது’ என்று ஆளைத்தானே சொல்கிறோம்? ‘தனிக்கை ஆட்டம்’ எனலாம்.

---

> ‘தனிக்கை ஆட்டம்’ எனலாம்.

ஓர் எழுத்து பிசகினால் தணிக்கை. வாசகர் சென்சார் போர்டுக்குப் போய்விடுவார். ‘பல கை’யும் வேண்டாம், சேர்த்து அச்சடித்தால் பலகை. என் பரிந்துரை ‘உதிரிக்கை ஆட்டம்’.

விஸ்ட்டுக்கும் ரவுண்ட் கேமுக்கும் உள்ள இந்த வேறுபாடு கதைக்கே தேவை. ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ (1814) நாவலில் பெரியவர்கள் நால்வர் விஸ்ட்டுக்குப் போக, மீதி ஆறு பேர் ஸ்பெகுலேஷனில் உட்காருகிறார்கள். நாயகி ஃபேனிக்கு ஆட்டம் தெரியாது. கற்றுத்தரும் சாக்கில், அவள் மேல் கண் வைத்திருக்கும் ஹென்றி பக்கத்திலேயே இருக்கிறான்.

ஸ்பெகுலேஷனில் ஆளுக்கு மூன்று சீட்டு, கவிழ்த்தபடி. தன் சீட்டைத் தானே பார்க்கக் கூடாது. முறைப்படி ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். கடைசியில் பெரிய துருப்பு யாரிடமோ அவருக்கே பொதுப்பணம். நடுவில் துருப்பை விலைபேசி விற்கலாம், வாங்கலாம். காதலுக்கு இந்தப் பேரம்தான் வசதி. மொழிபெயர்ப்பில் நாயகன் ‘தன் சீட்டுகளைப் பார்த்துப் புன்னகைத்தான்’ என்று வந்தால் ஆட்டமே செத்தது.

---

உதிரிக்கைக்கு என் ஓட்டு. ஆனால் ஃபேரோ என்ற சூதாட்டச் சீட்டாட்டத்தை அதில் சேர்க்காதீர்கள். அங்கே எல்லோரும் பாங்கருக்கு, அதாவது பணம் வைத்து ஆட்டத்தை நடத்துபவருக்கு, எதிரே ஆடுகிறார்கள். உள்ளே வெளியே ஆடியவருக்கு உடனே பிடிபடும்: இரண்டிரண்டாகச் சீட்டு விழும், முதலாவது பாங்கருக்கு, அடுத்தது பணம் கட்டியவருக்கு. இரண்டும் ஒரே மதிப்பாக விழுந்தால், அதில் கட்டிய பணத்தில் பாதி பாங்கருக்கு. லாபம் அங்கேதான். சட்டமும் இதை வேறாகவே பார்த்தது; 1797இல் லண்டனில் பக்கிங்ஹாம்ஷயர் சீமாட்டி உள்ளிட்ட பெண்களுக்கு ஃபேரோ ஆடியதற்காகத் தலைக்கு 50 பவுண்டு அபராதம். பாதிரியார் வீட்டு வரவேற்பறையில் ஃபேரோ மேசை போடும் நாவலாசிரியரை நம்ப வேண்டாம். இதற்குத் தனிச்சொல் வரும்வரை ‘பாங்க் ஆட்டம்’ என்றே இருக்கட்டும்.