டோக்கியோ ட்ரெயின்: அம்மாவோட போறேன், வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு டோக்கியோ போறேன், தங்குறது அங்க உயெனோ ஏரியா பக்கம். 72 மணி நேர சப்வே டிக்கெட் எடுத்தா அங்க இருக்குற ரெண்டு சப்வே கம்பெனி, டோக்கியோ மெட்ரோவோட 9 லைன், டோயெய் 4 லைன் எல்லாத்துலயும் போலாம், ஆனா டோக்கியோவ சுத்தி வர்ற யமனோதே மாதிரி ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) லைன்ல செல்லாது, அதனால பேசாம வெல்கம் சுய்கா கார்டு (டூரிஸ்ட்டுக்கான, முன்னாடியே காசு போட்டு வச்சுக்குற ட்ரெயின் கார்டு) மட்டும் வாங்கிக்கட்டுமா? 28 நாள் செல்லும், மீதி காசு திரும்ப கிடைக்காது, அது பரவால்ல. என்னோடது இந்தியால வாங்குன ஆண்ட்ராய்டு, போன்ல சுய்கா போட முடியாது.

பெரிய கவலை அம்மாவோட முட்டி வலிதான். உயெனோல இருந்து ஷின்ஜுகுக்கு யமனோதேல நேரா போயிடலாம் சரி, ஆனா ஷின்ஜுகு ஸ்டேஷன்ல 200க்கு மேல வாசலாம், லிஃப்ட் இருக்குற வாசல் எது, எந்தப் பெட்டில ஏறுனா நடை கம்மி? காலைல ஆபீஸ் கூட்டத்துல அவங்கள ஏத்த மனசே வரல, எத்தனை மணிக்கு மேல கிளம்புனா உக்கார இடம் கிடைக்கும்? வயசானவங்கள கூட்டிட்டு போனவங்க ப்ளீஸ் சொல்லுங்க.