நாகர்கோவில் வடசேரி வீட்டு வாட்ஸ்அப் குழு: திங்கள் காலை 5.30 பயிற்சி

பெரியக்கா: எல்லாருக்கும் ஒரு செய்தி. வரும் திங்கள் முதல் எனக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வீட்டுக்கு வருகிறார். வாரம் மூன்று நாள். மூன்று மாதப் பணமும் கொடுத்துவிட்டேன்.

தம்பி: அண்ணா விளையாட்டரங்கம் பக்கத்தில்தானே அக்கா? நடந்தால் போதாதா?

பெரியக்கா: நடந்தேன்டா. நம்ம ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இடையில் கல்யாணம், கோயில் கொடை. நாலு நாள் விட்டால் அப்படியே நின்றுவிடும். வாசலில் ஒருவர் வந்து நின்றால் எழுந்துதானே ஆகவேண்டும்? அதற்குத்தான் பணத்தையும் முதலிலேயே கொடுத்தேன். நடை மட்டும் போதாது என்பதும் உண்மை. வாரம் 150 நிமிட நடையோடு, 2 நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

சித்தி: முன்னே ஒரு ஜிம்முக்குப் போய் இடுப்பு பிடித்துக் கிடந்தாயே மக்ளே?

பெரியக்கா: ஆமா சித்தி. அங்கே முதல் நாளே கம்பியைத் தூக்கச் சொன்னார்கள், எப்படித் தூக்குகிறேன் என்று ஒருவரும் பார்க்கவில்லை. இவர் அப்படி இல்லை. நேற்று வந்து முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். என்ன மாத்திரை, பிரஷர் எவ்வளவு, எந்த முட்டி வலிக்கிறது, எல்லாம். அப்புறம் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். 30 விநாடியில் 9 தடவைதான் முடிந்தது. எனக்கு 61 வயது, குறைந்தது 12 தடவை வரவேண்டுமாம். நோட்டில் எழுதிக்கொண்டார்.

போன மாதம் சுசீந்திரத்தில் தரையில் உட்கார்ந்த என்னை இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கினார்கள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

மகன்: அம்மா, சுகர் மாத்திரை போடுகிறாய். டாக்டரிடம் கேட்டாயா?

பெரியக்கா: கேட்காமலா? தொடங்கும் முன் சுகர் பார்க்கச் சொன்னார். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். பக்கத்திலேயே குளுக்கோஸ் இருக்கும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தவேண்டும்.

சித்தி: மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் போச்சா?

பெரியக்கா: மீன் நன்றாகச் சாப்பிடலாம் சித்தி. தசைக்குப் புரதம் வேண்டுமே. சாளை, நெத்தோலி எது கிடைத்தாலும் சரி, குழம்பாக வைத்தால் போதும், பொரிக்க வேண்டாம். மரச்சீனியைத்தான் குறைக்கவேண்டும்.

சித்தி: அப்போ ஞாயிற்றுக்கிழமை குளச்சலிலிருந்து சாளை கொடுத்துவிடுகிறேன்.

தம்பி: தங்கச்சியும் சேரலாமா என்று கேட்கிறாள் அக்கா. அவளுக்கும் முட்டி வலி.

பெரியக்கா: அவளை முதலில் டாக்டரிடம் முட்டியைக் காட்டச் சொல். அப்புறம் இவரிடம் நானே பேசுகிறேன்.

திங்கள், புதன், வெள்ளி காலை 5.30 முதல் 6.30 வரை யாரும் போன் போடாதீர்கள். மக்ளே, நீயும்தான். நான் தொடங்கும்போது துபாயில் 4 மணி, நன்றாகத் தூங்கு.